பார்வதி மலையின் ஒரே ஒரு படி போதும், தெரியுமா?

புனேயில் விடிந்தும் விடியாமலும் பார்வதி மலைக்குப் போய்ப் பாருங்கள். 103 படிகளையும் மூச்சுவாங்க ஏறி இறங்கும் கூட்டம்! ஞாயிறு வந்தால் சிங்ககட் கோட்டை ஏற்றம் வேறு. அத்தனை கால்களையும் உந்தித் தள்ளுவது எது தெரியுமா? குதிகாலுக்கு மேலே இரு விரலால் பிடித்துப் பார்க்கலாமே, அந்த அகிலிஸ் தசைநாண்! உடம்பிலேயே தடித்த நாண் அதுதான். ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு இழுவிசையைத் தாங்குகிறது!

அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கரிமம்-14ஐ வைத்தே இந்த நாணின் வயதைக் கணித்திருக்கிறார்கள்! டென்மார்க்கில் 2013இல் வெளியான முடிவு: பதினேழு வயதோடு இதன் நடுப்பகுதி உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புதுப்பித்தல் கிட்டத்தட்ட இல்லை!

அப்படியானால் நோவு வந்தால்? சுவீடன் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே வந்தது. அறுவை செய்யச் சொன்னார், மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்தாலாவது செய்வார்களே என்று வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கிப் பயிற்சி செய்தார். அறுந்துபோகவில்லை, குணமாகிவிட்டது! 1998இல் அதையே 15 ஓட்டக்காரர்களிடம் சோதித்தார். 12 வாரத்தில் அத்தனை பேரும் மறுபடி ஓடினார்கள்!

செய்முறை இதுதான். படி விளிம்பில் முன்பாதம். நல்ல காலால் எம்பி, நொந்த காலுக்கு எடையை மாற்றி, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்க வேண்டும். முட்டி நேராக 15 தடவை, மூன்று சுற்று. முட்டியை மடக்கி அதே கணக்கு. காலையும் மாலையுமாக நாளுக்கு 180! ஓரளவு வலித்தாலும் நிறுத்த வேண்டியதில்லை. வலி குறையக் குறைய முதுகுப்பையில் எடை ஏற்றலாம்.

நொந்த இடத்தில் அழுத்த அலைகளைப் பாய்ச்சும் அதிர்வலை சிகிச்சை எப்படி? 2007இல் 75 பேரிடம் ஒப்பிட்டார்கள். நான்கு மாதத்தில் நன்றாகத் தேறியவர்கள் பயிற்சியில் 60 சதவீதம், அதிர்வலையில் 52. சும்மா காத்திருந்தவர்களில் 24தான்! இரண்டையும் சேர்த்தால் 82 என்றது 2009 ஆய்வு.

ஆனால் கவனம்! வலி நாணின் நடுவில் இல்லாமல், எலும்போடு ஒட்டும் இடத்தில் இருந்தால் கதையே மாறுகிறது. அங்கே அதிர்வலைக்கு 64, படிக்குக் கீழே இறக்கும் பயிற்சிக்கு வெறும் 28! அந்த இடத்தில் வலி உள்ளவர்கள் குதிகாலைத் தரைமட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பிஆர்பி ஊசியைப் பலரும் பெரிதாக நம்புகிறார்கள். 2021இல் பிரிட்டனில் 240 பேரிடம் பார்த்தார்கள். போலி ஊசிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை! காசைக் கொட்டுமுன் ஒரு படியைத் தேடுங்கள் என்பேன்.

நாண் முழுதாக அறுந்தாலும் அறுவை கட்டாயமில்லை, தெரியுமா? நார்வேயில் 526 பேரை ஓராண்டு கழித்துப் பார்த்தால், கட்டுப் போட்டவர்களும் அறுவை செய்தவர்களும் சமம். மறுபடி அறுவது மட்டும் கட்டுப் போட்டவர்களில் 6.2 சதவீதம், மற்றவர்களில் 0.6. ஆகவே பின்னங்காலில் ‘படக்’கென்று கேட்டு நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால், பயிற்சி வேண்டாம், அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள்!