உங்களுக்குத் தெரியுமா? உறங்கும் புல்லட்டை உதைத்து எழுப்பக் கூடாது!

1955 முதல் சென்னையில் தயாரான என்ஃபீல்டு புல்லட், பல வீடுகளில் தாத்தாவின் வண்டியாகத் தூசு படிந்து நிற்கிறது. ஆசையில் உடனே கிக்கரை மிதித்துவிடாதீர்கள். சிலிண்டர் சுவரில் பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: நெடுநாள் நின்ற வண்டியில் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கும். அதை வடிக்காமல் கிளப்பினால் தெருவே புகையாகும். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும். டேங்கோடு சேர்த்துக் கழுவியே ஆக வேண்டும்.

பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அம்மீட்டர். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் அசையும். அது நடுவுக்குத் திரும்பி, கிக்கரும் இறுகினால், பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து கிக்கரை இன்னும் சற்றே இறக்குங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி!