டார்ச் விளக்கிற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

இரவில் மும்முனை மின்சாரம் வருங்கால் மோட்டார் போடக் கிணற்றடிக்குச் செல்லும் மிராசுதாரர்களும் குடியானவர்களும், கடையில் மிக அதிக வெளிச்சமுள்ள டார்ச்சையே கேட்டு வாங்குகின்றனர். இது முழுதும் சரியன்று.

வெளிச்சம் லூமன் என்னும் அளவினால் குறிக்கப்படும். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்க்க 20 லூமன் போதும். மிகுந்தால் தகட்டில் பட்டுக் கண் கூசும். வரப்பில் நடக்க 100 முதல் 150 லூமன் வேண்டும். கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பாகையாலும், கண்ணாடிவிரியன் சருகோடு சருகாய்க் கிடப்பதாலும், பத்தடி முன்னே தரை தெளிவாகத் தெரிதல் அவசியம். தொலைவில் பன்றி மேய்கிறதா என்று பார்க்க 500 லூமன் உதவும். அதுவும் சில நிமிஷங்களுக்கே.

ஏனெனில், 18650 என்னும் லிதியம் பாட்டரி ஒன்றில் சுமார் 10 வாட்-மணி சக்தியே அடங்கும். எல்.இ.டி. விளக்கு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தருவதாகக் கொண்டால், 100 லூமனில் பத்து மணி நேரம் எரிவது 1000 லூமனில் ஒரு மணி நேரமே எரியும். அட்டைப்பெட்டியில் 50,000 லூமன் என்று அச்சிட்ட கையடக்க டார்ச்சை நம்பவேண்டுவதில்லை. அதற்கு 500 வாட் வேண்டும்!

மேலும், பேரொளிக்குப் பழகிய கண் இருட்டுக்கு முற்றும் பழக இருபது நிமிஷத்திற்கு மேலாகும். பாட்டரி தீர்ந்து, வரப்பெது வாய்க்காலெதுவென்று அறியாமல் நானும் ஒரு முறை நின்றதுண்டு. ஆகையால், வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் தக்க பித்தானுள்ளதையே வாங்குக. வாங்கிய அன்றிரவே வரப்பு வெளிச்சத்தில் எரியவிட்டு, எத்தனை மணி நேரம் நிற்கிறதென்று குறித்துக்கொள்க.