ஐரிஷ் மொழியும் பள்ளி ஆசிரியரும்

ஒரு மொழி மக்கள் நாவினின்று எவ்வாறு நீங்குகிறது என்பதை அறிய விழைவார்க்கு அயர்லாந்து நாட்டின் வரலாறு பெரிதும் பயன்படும். அந்நாட்டில் தாய்மொழியை மறக்கச் செய்ததில் பள்ளிக்கூடத்திற்குப் பங்குண்டு. பின்னர் அதனை மீட்க முனைந்தபோதும் சுமையின் பெரும்பகுதி பள்ளிக்கூடத்தின் தலைமேலேயே ஏற்றப்பட்டது. ஆதலின் ஆசிரியராய் உள்ளோர் இவ்வரலாற்றைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

ஐரிஷ், ஆங்கிலத்தின் கிளைமொழி அன்று. ஆங்கிலம் செருமானியக் குடும்பத்தைச் சார்ந்தது. ஐரிஷோ கெல்திக்குக் குடும்பத்தைச் சார்ந்தது. ஸ்காட்லாந்தின் கேலிக்கு மொழி அதன் உடன்பிறப்பு. வேல்சு மொழி சற்று எட்டிய உறவு. கல்லின் ஓரத்தில் கோடுகளாகக் கீறப்பட்ட 'ஓகம்' எழுத்துகளே இம்மொழியின் மிகப் பழைய சான்றுகள். பிற்காலத்தில் துறவு மடங்களில் இருந்தோர், இலத்தீன் நூல்களின் வரிகளுக்கிடையே தம் மொழியில் பொருள் எழுதி வைத்தனர். அவ்வேடுகள் ஐரோப்பாவின் பல மடங்களிலும் நூலகங்களிலும் தங்கிவிட்டன. அவற்றைத் தேடிப் படித்த செருமானிய அறிஞர் சொய்சு என்பார், 1853இல் கெல்திக்கு மொழிகளின் இலக்கணத்தை வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அதனை இயற்றிய கால்டுவெல் ஐயரும் 1814இல் அயர்லாந்தின் அன்றிம் மாவட்டத்தில், ஸ்காட்லாந்துப் பெற்றோர்க்குப் பிறந்தவரே. அறிஞர்கள் இவ்வாறு பழைய மொழிகளின் வேரைத் தோண்டிப் பெருமை கண்ட அதே ஆண்டுகளில்தான், ஐரிஷ் பேசிய ஏழைக் குடும்பங்கள் அம்மொழியை ஒவ்வொன்றாய்க் கைவிட்டுக்கொண்டிருந்தன.

வீழ்ச்சியின் தொடக்கம் அரசியலில் உள்ளது. 1607இல் வடபுலத்துத் தலைவர்கள் நாட்டைவிட்டுக் கடல் கடந்தனர். புரவலர் போனபின் புலவர்க்கு வாழ்வேது? மொழி பெருங்குடியினர் மன்றத்தினின்று இறங்கி உழவர் குடிசைக்கு வந்தது. 1695ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைத் தடுத்தது. அதனால் வேலி மறைவிலும் கொட்டகையிலும் மறைவாக நடந்தவை 'வேலிப் பள்ளிகள்' எனப் பெயர் பெற்றன. தடை நீங்கிய பின்னும் அப்பெயர் நிலைத்தது. அப்பள்ளிகளில் பெற்றோர் கூலி கொடுத்துக் கற்பிக்கச் சொன்ன பாடங்களுள் ஆங்கிலமும் ஒன்று என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1831இல் அரசின் தேசியப் பள்ளிகள் எழுந்தன. அவற்றின் பாடத்திட்டத்தில் ஐரிஷுக்கு இடமே இல்லை. ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத குழந்தையும் ஆங்கில நூலையே ஓதியது. இக்காலத்தை எண்ணுவோர் அனைவரும் குறிப்பிடுவது கணக்குக் குச்சி. ஆஸ்கார் வைல்டின் தந்தையாராகிய மருத்துவர் வில்லியம் வைல்டு, மேற்கு அயர்லாந்தின் குடிசை ஒன்றில் தாம் கண்டதை 1852இல் வெளிவந்த நூலில் கூறியுள்ளார். எட்டு அகவைச் சிறுவன் ஒருவன் உடன்பிறந்தாளிடம் ஐரிஷில் ஏதோ சொன்னான். தந்தையின் பார்வை பட்டதும் ஒடுங்கி நின்றான். தந்தை அவனை அருகில் அழைத்து, ஒன்றும் பேசாமல், அவன் கழுத்தில் கயிற்றில் தொங்கிய சிறு குச்சியை வெளியே எடுத்துக் கத்தியால் ஒரு வெட்டு வெட்டினார். ஐரிஷ் பேசும்தோறும் ஒரு வெட்டு. வெட்டுகள் குறித்த எண்ணை எட்டியதும் பள்ளி ஆசிரியர் தண்டனை தருவார்.

இதனை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் ஆசிரியரின் பிரம்பையே பேசுகின்றனர். நான் கத்தியையே நோக்குகிறேன். அது தந்தையின் கையில் இருந்தது. அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீதிமன்றமும் சந்தையும் அரசுப் பணியும் ஆங்கிலத்தில் நடந்தன. கப்பலேறிச் சென்றால் அமெரிக்காவில் கிடைக்கும் வேலைக்கும் ஆங்கிலமே வேண்டும். கத்தோலிக்கரின் உரிமைக்குப் போராடிய தானியேல் ஓ கானெல், ஐரிஷ் மொழியில் வளர்ந்தவர். எனினும் அம்மொழி வழக்கொழிவது தமக்கு வருத்தம் தராது எனும் கருத்தினர். தலைவரே அவ்வாறு எண்ணிய நாளில் குடிசைவாழ் தந்தை வேறு எண்ணியிருப்பாரா?

அதன்மேல் பஞ்சம் வந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைப் பூசணநோய் தாக்கியது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மடிந்தனர். அத்துணைப் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். கிழங்கையே நம்பி வாழ்ந்தவர் மேற்குப் பகுதியின் ஏழையர். ஐரிஷ் பேசியவரும் பெரும்பாலும் அவரே. 1851ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஐரிஷ் அறிந்தோர் 15 இலட்சத்துக்குச் சற்று மேல். 1891இல் 6 இலட்சத்து 80 ஆயிரம். நாற்பதே ஆண்டுகளில் பாதிக்கும் கீழாயிற்று. இடையே பாத்திரிக்கு கீனன் என்னும் பள்ளி மேற்பார்வையாளர், ஐரிஷ் பேசும் குழந்தைக்கு ஐரிஷ் வாயிலாகவே கற்பித்தால் ஆங்கிலமும் நன்கு வரும் என்று 1850களிலேயே அரசுக்கு எழுதினார். இன்றும் ஆசிரியப் பயிற்சியில் ஓதப்படும் கருத்து அது. அன்று எடுபடவில்லை. 1870களின் இறுதியில்தான் பள்ளி நேரத்திற்கு வெளியே தனிப்பாடமாகக் கற்பிக்க இசைவு கிடைத்தது. இருமொழித் திட்டம் 1904இல் வந்தது.

1893இல் தோன்றிய கேலிக்குக் கழகம் மக்கள் மனத்தை மாற்ற முயன்றது. அதன் தலைவர் டக்ளசு ஹைடு, புராட்டஸ்டண்டுப் பாதிரியார் ஒருவரின் மகன். அண்டை அயலாரிடம் ஐரிஷ் கற்றவர். பின்னாளில், 1938இல், அவரே நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். கழகத்தில் வளர்ந்த பாத்திரிக்கு பியர்சு 1908இல் இருமொழிப் பள்ளி ஒன்றை நிறுவினார். 1916ஆம் ஆண்டு எழுச்சிக்குத் தலைமை தாங்கி அவர் சுட்டுக் கொல்லப்பட்டமை பலரும் அறிந்ததே.

1922இல் தன்னாட்சி வந்தது. கற்பிக்கவல்ல ஆசிரியர் உள்ள பள்ளிகளில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஐரிஷ் கற்பிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. சிறுவர் வகுப்புகளில் எல்லாம் ஐரிஷிலேயே நடைபெறல் வேண்டும் என்பது குறிக்கோள். ஆனால் ஆசிரியருள் பலர் அம்மொழியை அறியாதவர்! கோடை விடுமுறையில் அவர்களுக்கு வகுப்புகள் நடத்தப்பட்டன. நரைத்த தலையோடு பலகையில் அமர்ந்து அகர வரிசை கற்ற அவ்வாசிரியர்களை எண்ணுந்தோறும் எனக்கு இரக்கமும் மதிப்பும் ஒருங்கே எழுகின்றன. 1941இல் ஆசிரியர் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் ஐரிஷ் வாயிலாகப் பிற பாடங்களைக் கற்பதில் இடர்ப்படுகின்றனர் என்று ஆசிரியரில் பெரும்பாலோர் கருதியதை அது எடுத்துரைத்தது. அரசு செவிசாய்க்கவில்லை. 1960இல்தான் கட்டுப்பாடு தளர்ந்தது. ஐரிஷில் தேறாதவர்க்குப் பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லை என்ற விதி 1973 வரை இருந்தது.

நம் தோட்டப் பள்ளிக்கு வரும் குழந்தை தமிழைப் பேசிக்கொண்டே வருகிறது. நாம் அதனைத் திருத்தி எழுதக் கற்பிக்கிறோம். ஐரிஷ் ஆசிரியரோ வீட்டில் இல்லாத ஒன்றை வகுப்பில் உண்டாக்க வேண்டியிருந்தது. பாடநூல் தேர்விலும் நல்லூழ் இல்லை. பிளாஸ்கெட்டுத் தீவின் பெக் சேயர்சு என்னும் மூதாட்டி தம் துயர் நிறைந்த வாழ்வை வாய்மொழியாகச் சொல்ல, மகன் எழுதிய நூல் 1936இல் வெளிவந்தது. அரிய நூல்தான், ஆயினும் தலைமுறை தலைமுறையாக நகர்ப்புற இளைஞர்க்குக் கட்டாயப் பாடமாக்கியதால், அதன் பெயர் கேட்டாலே சலிப்போர் அந்நாட்டில் மிகப் பலர். அத்தீவோ 1953இல் குடிகளின்றி வெறுமையாயிற்று.

இன்றைய நிலை என்ன? 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஐரிஷே முதல் ஆட்சிமொழி. 1996 முதல் அதற்கெனத் தொலைக்காட்சி உண்டு. 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் முழு உரிமையுடைய மொழி. அவ்வாண்டுக் குடிக்கணக்கில் ஐரிஷ் பேச வரும் என்றவர் 18 இலட்சத்து 74 ஆயிரம் பேர். அயர்லாந்துக் குடியரசின் மக்களில் பத்தில் நால்வர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோரோ ஏறத்தாழ 72 ஆயிரம் பேரே. முதல் எண் ஆசிரியர் உழைப்பின் அளவு. இரண்டாவது எண் வீட்டின் அளவு என்பது என் கருத்து.

எதிர்மாறாக நடந்த இடமும் ஒன்றுண்டு. பிரித்தானிய ஆட்சியின்கீழ் உள்ள வட அயர்லாந்தின் பெல்பாஸ்டு நகரில், 1960களின் பிற்பகுதியில் சில இளங்குடும்பங்கள் பணம் சேர்த்து ஷாஸ் சாலையில் நிலம் வாங்கி, அருகருகே வீடுகள் கட்டின. பெற்றோர் பலர் ஐரிஷைப் பின்னாளில் கற்றவர்கள். எனினும் பிள்ளைகளிடம் அதனையன்றிப் பேசுவதில்லை என உறுதி பூண்டனர். பிள்ளைகள் வளர்ந்த பின்னரே, 1971இல், ஒன்பது மாணவரோடு பள்ளி தொடங்கிற்று. அரசின் உதவிப் பணம் 1984இல்தான் கிடைத்தது. அதுவரை ஆசிரியர் ஊதியத்தை அப்பெற்றோரும் அவர்தம் நண்பர்களும் திரட்டிக் கொடுத்து வந்தனர்.