பிரஜாவுரிமை: இந்தியா போய் வந்தவரும் வேலை இழந்தவரும்

பதுளை பஸாரில் கடை வைத்திருப்பவனிடம் சாமான் விலை மட்டுமா கேட்பார்கள்? படிவம் நிரப்பவும், ஆங்கிலக் கடிதம் வாசிக்கவும், சட்டம் கேட்கவும் தோட்டத்துச் சனங்கள் நம்மிடம்தான் வருகிறார்கள். என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள் இரண்டு. "இடையில் இந்தியாவுக்குப் போய் இருந்துவிட்டு வந்தவருக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைக்குமா முதலாளி?" இது ஒன்று. "தோட்டத்தில் பேர் இல்லை, கையில் தொழிலும் இல்லை. அப்படிப்பட்டவர் கேட்கலாமா?" இது மற்றது.

இந்திய வம்சாவளியினரைப் பொறுத்தவரை இன்றைய சட்டப்படி இரண்டுமே தடையல்ல. ஆனால் ஒரு காலத்தில் இவற்றில் ஒன்றிருந்தாலே மனு தள்ளுபடியாகப் போதுமானதாக இருந்தது. அந்தக் காலத்துப் பயம் இன்னும் லயங்களில் இருக்கிறது. பயத்தினால் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். இது நமக்கும் சம்பந்தப்பட்ட விடயம். அடையாள அட்டை இல்லாதவர் வங்கியில் கணக்குத் திறக்க முடியாது, தவணைக்குப் பொருள் எடுக்க முடியாது, காணி உறுதி எழுதுவதும் கஷ்டம். அவருக்குக் கொப்பிக் கடன் கொடுப்பவர் நாம்தான்.

சற்றுப் பின்னால் போவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இலங்கையில் பிறந்தவரிடம்கூட, உன் தகப்பன் எங்கே பிறந்தார் என்று கேட்டது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத காலம் அது. பாட்டன், பூட்டனின் பதிவுக்கு எங்கே போவது?

அதற்கு மாற்றாக வந்ததுதான் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் (பிரஜாவுரிமை) சட்டம். திருமணமானவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முந்திய 7 வருடங்களும், திருமணமாகாதவர் 10 வருடங்களும், அதன் பின் மனுச் செய்யும் நாள் வரையிலும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஒரு முறை வெளியே போனது 12 மாதங்களைத் தாண்டினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். இவற்றோடு, தன்னையும் தன்னில் தங்கியிருப்போரையும் பராமரிக்கப் போதிய வருமானம், தொழில் அல்லது வியாபாரம் இருப்பதையும் காட்ட வேண்டும். மனைவியும் சிறு பிள்ளைகளும் இங்கேயே வசிப்பதையும் பார்த்தார்கள்.

இந்த நிபந்தனைகள் யாரைத் தாக்கின என்று பாருங்கள். தோட்டத்தில் வேலை குறைந்தால் ஊருக்குப் போய்விட்டு, வேலை உண்டென்று தகவல் வந்ததும் திரும்பி வருவதுதான் வழக்கமாக இருந்தது. 1930களின் ஆரம்பத்தில் தேயிலை, இறப்பர் விலை விழுந்தபோது தோட்டங்களே ஆட்களைத் திருப்பி அனுப்பின. 1939இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்ய, போனவர் திரும்புவதும் சிக்கலாயிற்று. வேலை இல்லாமையே பயணத்துக்குக் காரணமாகி, அந்தப் பயணமே பின்னர் தகுதியின்மையாகிவிட்டது. மடூல்சீமைப் பக்கமிருந்து வரும் எனது வாடிக்கையாளர் ஒருவரின் தகப்பனார், தாயின் மரணத்துக்குப் புதுக்கோட்டை போய் 14 மாதங்கள் தங்கிவிட்டார். மனு தள்ளுபடியானதற்கு அந்த மேலதிக இரண்டு மாதங்கள்தான் காரணம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அவர் வளர்ந்திருக்கிறார்.

நமது சமூகத்திலும் இதில் அகப்பட்டவர்கள் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் பகுதிகளிலிருந்து வந்து கடை வைத்தவர்கள் பலர் குடும்பத்தை ஊரிலேயே விட்டிருந்தார்கள். கடை பதுளையில், மனைவி மக்கள் கீழக்கரையில். வருமானத்தைக் காட்டுவது அவர்களுக்குப் பெரிய காரியமல்ல. குடும்பத்தைக் காட்டுவதுதான் கஷ்டம். எங்கள் வாப்பாவின் வாப்பா பிடவைக் கடைக்காரர். கடை வாடகைப் பற்றுச்சீட்டுகளை வருட வாரியாகக் கட்டி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். சிறு வயதில் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருக்கிறேன்.

விண்ணப்ப முடிவுத் திகதி 1951 ஓகஸ்ட் 5. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் போயின. கிடைத்ததோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1947 தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். வாக்குரிமை பறிபோன பின் வந்த 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு நாட்டில் ஓர் ஆசனமும் இல்லை.

பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் இந்தியா 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரையும், இலங்கை 3 இலட்சம் பேரையும் ஏற்பதென்றும், மிகுதி ஒன்றரை இலட்சத்தைப் பின்னர் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. 1974இல் அந்த மிகுதியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கடையில் தராசு பிடிக்கும் நமக்கு இந்தக் கணக்கு விளங்கும். நிறுக்கப்பட்டது மனிதர்கள் என்பதுதான் விளங்காது. ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். 1984இல் யுத்தத்தினால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பலர் இங்கே தங்கிவிட்டார்கள்.

1986, 1988 சட்டங்கள் நாடற்றவர்களில் பெரும்பகுதியினருக்கு வழி திறந்தன. முழுமையாகத் திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய சந்ததியினரும் இதன்கீழ் உரித்துடையவர்கள். இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தும் போகாமல் இருந்தவர்களையும் இது சேர்த்துக்கொண்டது. வருமானம், தொழில் பற்றிய நிபந்தனை இதில் இல்லை. ஆகவே தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டவரும், கொழும்பில் கடை வேலையை இழந்து லயத்துக்குத் திரும்பியவரும் தயங்கத் தேவையில்லை.

வெளியே போனவர் சங்கதி? 2003 சட்டத்திலும் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. கலவரங்களுக்குப் பயந்து வன்னிக்குப் போய், அங்கிருந்து தமிழகத்து அகதி முகாம்களுக்குச் சென்றவர்களை அது வெளியே நிறுத்தியது. 2009ஆம் ஆண்டின் 5ஆம், 6ஆம் இலக்கத் திருத்தச் சட்டங்கள் இவ்வாறு இந்தியா செல்ல நேர்ந்தவர்களுக்காக அந்த நிபந்தனையைத் தளர்த்தின. முகாமிலிருந்து திரும்பி வருபவர் உங்கள் கடைப் பக்கம் வந்தால் இதைச் சொல்லுங்கள். பழைய தோட்டச் செக்ரோல் பிரதி, பெற்றோரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எதையும் எறிய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். விசாரிக்க வேண்டிய இடம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவு. கையில் காசு வாங்கிக்கொண்டு "செய்து தருகிறேன்" என்று திரியும் தரகர்களிடம் போக வேண்டாம்.

இனி நமது பிள்ளைகள் விடயம். மத்திய கிழக்கில் எத்தனை வருடம் உழைத்தாலும் இலங்கைப் பிரஜாவுரிமை போகாது. பிரித்தானியாவில் பிரஜையாக விரும்புபவர் பொதுவாக 5 வருடங்கள் அங்கே வசித்திருக்க வேண்டும். அதில் 450 நாட்களுக்கு மேல் வெளியே இருந்தால் சிக்கல். ஜேர்மனியில் தன் சொந்த வருமானத்தில் வாழ்கிறாரா என்று பார்ப்பார்கள். 1949இல் நாம் கேட்ட அதே இரு கேள்விகள் அங்கே இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்நாட்டுப் பிரஜையாகிவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். அதைத் தக்கவைக்கவோ மீளப்பெறவோ 1987ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தத்தின்படி இரட்டைப் பிரஜாவுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த வசதி 2011இல் நிறுத்தப்பட்டு 2015இல் மீண்டும் வந்தது.

லண்டன் மகனுடைய பெயரில் பதுளையில் காணி வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜைக்கு அந்தத் தடை இல்லை. முற்பணம் கொடுக்கும் முன் நொத்தாரிசிடம் மகனின் கடவுச்சீட்டுப் பிரதியைக் காட்டிக் கேளுங்கள்.