ஒல்லாந்தர் ஏடுகளில் சோழமண்டலக் கரை

1602ஆம் ஆண்டு நிறுவப்பட்டு 1799இல் முடிவுற்ற ஒல்லாந்தர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி விட்டுச்சென்ற ஆவணங்கள், தி ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்திற்கு அடுக்கப்பட்டுள்ளன. யுனெஸ்கோ இவ்வாவணங்களை 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பழவேற்காட்டிலிருந்தும், 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட நாகப்பட்டினத்திலிருந்தும் அனுப்பப்பட்ட கடிதங்கள் இவற்றுள் உள்ளன. ஆகவே, கரையோரத் தமிழ் முஸ்லிம்களின் கடல் வணிக வரலாற்றை ஆராய்வோர் இவற்றைப் புறக்கணித்தல் இயலாது.

இவ்வேடுகளின் படிமங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எனினும், படிமம் என்பது ஒளிப்படமே. அதில் சொல்லைத் தேட முடியாது. அட்டவணை தொகுதியையும் ஆண்டையும் காட்டுமேயன்றி, அதனுள் எவர் பெயர் உள்ளது என்று காட்டாது. பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கப் பயின்ற சிலருக்கே அக்கதவு திறந்திருந்தது.

இந்நிலையைச் செயற்கை நுண்ணறிவு மாற்றியுள்ளது. வல்லுநர்கள் சில ஆயிரம் பக்கங்களைப் படித்து எழுத்துப்பெயர்த்துத் தருகின்றனர். அவற்றைக் கொண்டு எழுத்து வடிவங்களைப் பயிலும் கணினி, புதிய பக்கத்தில் முதலில் வரிகளைப் பிரித்தறிந்து, பின்னர் ஒவ்வொரு வரியிலும் இருக்கக்கூடிய எழுத்துகளை ஊகிக்கிறது. நெதர்லாந்தின் ஹெய்கன்ஸ் ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்தும் 'குளோபலைஸ்' திட்டம், ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்களை இம்முறையில் தேடத்தக்க எழுத்தாக்க முற்பட்டது.

ஆயினும், தேட முடிதல் வேறு, அறிதல் வேறு. கணினி தருவது ஊகமேயாதலால் பிழைகள் உண்டு. டச்சு எழுத்தர்கள் தமிழ், அரபுப் பெயர்களைத் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். ஒருவர் பெயரே பல வடிவங்களில் வரும். மேலும், 'மூர்' என்னும் ஒரே சொல்லால் மரக்காயர் வணிகரையும் கோல்கொண்டா அதிகாரியையும் அவர்கள் குறித்தனர். இவ்வேறுபாட்டை அறியாதார்க்குத் தேடலின் விடை மயக்கத்தையே தரும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. கம்பெனி தன் ஆதாயத்தை முன்னிட்டே எழுதியது. ஒரு கப்பலுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டதைப் பதிந்த எழுத்தருக்கு, மறுக்கப்பட்டவரின் இழப்பைப் பதியும் தேவை இருக்கவில்லை. எழுதப்படாததை எந்தக் கணினியும் படித்துவிட இயலாது.

எனவே, தேடிக் கண்ட வரியை மூலப் படிமத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். அதனை நம் ஊர்களின் கல்வெட்டு, அரபுத்தமிழ்ச் சுவடி, குடும்பப் பத்திரம் ஆகியவற்றோடு வைத்து நோக்குதலும் இன்றியமையாதது. டச்சு ஏட்டில் சிதைந்து கிடக்கும் ஒரு பெயர் காயல்பட்டினத்தினுடையதா, கீழக்கரையினுடையதா என ஆராய்ந்து சொல்லும் உள்ளூர் அறிவு தி ஹேக் நகரில் இல்லை. அச்சுவடிகளும் பத்திரங்களும் செல்லரித்து அழியுமாயின், நம் முன்னோரைப் பற்றிக் கம்பெனி எழுத்தரின் கூற்றே தனிச் சாட்சியாய் எஞ்சும்.