பயிற்சி வகுப்பைத் தெரிந்தெடுத்தல்

கல்லூரி நீங்கிப் பல்லாண்டு கழிந்தபின், அயல்நாட்டில் மேற்படிப்பை விரும்பி ஜி.ஆர்.ஈ. தேர்வெழுதப் புகும் அன்பர் பலர், இணையவழிப் பயிற்சி வகுப்பொன்றிற்கு முதற்கண் பணங்கட்டிவிடுகின்றனர். இது முறையன்று. தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனத்தார் இரண்டு மாதிரித் தேர்வுகளை இணையத்தில் இலவசமாக அளிக்கின்றனர். அவற்றுள் ஒன்றைக் குறித்த காலத்திற்குள் முதலில் எழுதிப் பார்த்தல் வேண்டும். மறந்தது கணிதமோ, குன்றியது ஆங்கிலச் சொல்வளமோ என்பது அப்பொழுதே விளங்கும். கணிதமே குறையாயின், அதனை அடியிலிருந்து கற்பிக்கும் வகுப்பே ஏற்றது. வினாக்களை மட்டும் குவிக்கும் வகுப்பு பயன்தராது.

மேலும், 2023 செப்டம்பரில் அத்தேர்வு ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகக் குறுக்கப்பட்டது. இரு கட்டுரைகளுள் ஒன்று நீக்கப்பட்டது. பழைய முறையையே போதிக்கும் வகுப்பிற் சேர்வோர் பொருளையும் பொழுதையும் ஒருங்கே இழப்பர். இரண்டாம் மாதிரித் தேர்வைப் பயிற்சியின் இறுதிக்கென வைத்துக்கொள்க. வகுப்பால் விளைந்த பயன் எவ்வளவென்பதை அதுவே காட்டும்.