மேன்ஸ்ஃபீல்ட் விட்டுக்கொடுத்த மேடை

போன வாரம் லிண்டன் ஜான்சனைப் பார்த்தோம். ஒரு செனட்டரின் ஓட்டு வேண்டுமென்றால் அவர் கோட்டைப் பிடித்து, மூக்கோடு மூக்கு உரச நின்று, கெஞ்சியோ மிரட்டியோ வாங்கிவிடுகிற மனிதர். 1961இல் அவர் துணை அதிபரானதும், செனட் பெரும்பான்மைத் தலைவர் பதவி அவரது கொறடாவாக இருந்த மைக் மேன்ஸ்ஃபீல்டுக்கு வந்தது. மொன்டானாக்காரர். வாயில் பைப். கேள்வி எவ்வளவு நீளமாக இருந்தாலும் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடித்துவிடுவார். பேட்டி எடுக்கிறவர்கள் திண்டாடிப் போவார்கள்.

எட்டாம் வகுப்பையே முடிக்காதவர். 14 வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிக் கடற்படையில் சேர்ந்து, தரைப்படை, மரைன் படை என்று சுற்றிவிட்டு, பியூட் நகரத் தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அங்கே அறிமுகமான ஆசிரியை மொரீன்தான் அவரைப் படிக்க வைத்தவர். தன் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியைக்கூட இதற்காகப் பணமாக்கினார். சுரங்கத் தொழிலாளி வரலாற்றுப் பேராசிரியர் ஆனார், 1943இல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார், 1953இல் செனட்டர்.

1964இல் சிவில் உரிமை மசோதா வந்தது. அதைப் பேசிப் பேசியே சாகடிக்கத் தெற்கு மாநில செனட்டர்கள் களமிறங்கினார்கள். பெரும்பாலும் இவரது ஜனநாயகக் கட்சிக்காரர்களே! நீதித்துறைக் குழுவின் தலைவர் மிசிசிப்பியின் ஈஸ்ட்லண்ட். அங்கே போன மசோதா திரும்பி வராது. மேன்ஸ்ஃபீல்ட் குழுவைத் தாண்டி நேராக அவைக்கே கொண்டுவந்தார். ராத்திரி பகலாக அவையை நடத்தி எதிரிகளைக் களைப்படைய வையுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டார். பேசுகிறவனுக்கு முறை வைத்துக்கொள்ள நாலு பேர் போதும். கோரம் காக்க 51 பேர் தூங்காமல் கிடக்க வேண்டியது மசோதாவை ஆதரிப்பவர்கள்தானே?

விவாதத்தை முடிக்க 67 ஓட்டு வேண்டும். குடியரசுக் கட்சி இல்லாமல் ஆகாது. பேச்சுவார்த்தையை அக்கட்சித் தலைவர் டர்க்சனின் அறையில் நடக்க விட்டார். கேமராக்களையும் அவர் பக்கமே திருப்பிவிட்டார். பெருந்தன்மை என்பார்கள். எனக்கென்னவோ அதில் கணக்கும் இருந்ததாகத்தான் படுகிறது. ஜூன் 10 வாக்கெடுப்பில், மூளைக்கட்டியால் பேச்சிழந்த கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். அது ஆதரவு ஓட்டு. 71-க்கு 29. அதில் 27 ஓட்டு டர்க்சன் தரப்பு.

மேன்ஸ்ஃபீல்ட் 16 ஆண்டு பெரும்பான்மைத் தலைவராக இருந்தார். 1977இல் கார்ட்டர் அவரை ஜப்பானுக்குத் தூதராக அனுப்ப, அடுத்து வந்த மாற்றுக் கட்சி அதிபர் ரீகனும் அவரையே வைத்துக்கொண்டார். டோக்கியோவில் விருந்தாளிக்குத் தன் கையாலேயே இன்ஸ்டன்ட் காபி கலந்து கொடுக்கும் தூதர். 1981இல் அமெரிக்க நீர்மூழ்கி மோதி ஜப்பானியச் சரக்குக் கப்பல் மூழ்கி, இருவர் இறந்தார்கள். மேன்ஸ்ஃபீல்ட் ஜப்பானியர் வழக்கப்படியே குனிந்து வணங்கி வருத்தம் தெரிவித்தார்.

வியட்நாம் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் அவரைக் காப்பாற்றவில்லை. தென் வியட்நாம் அதிபர் டியெம்மை ஆரம்பத்தில் தூக்கிப்பிடித்தவர்களில் இவரும் ஒருவர். 1962 டிசம்பரில் அங்கே போய்வந்து இவர் கொடுத்த அறிக்கையைப் படித்த கென்னடிக்குக் கோபம் வந்தது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)